கையில் இருந்த பதினான்கு நிமிடம்

வீடு மாறுவதைப் போல ஒரு தலைவலி வேறு கிடையாது. எத்தனை அட்டைப்பெட்டி வாங்கினாலும் இரண்டு குறையும். எந்தப் பெட்டியில் கத்தரிக்கோல் இருக்கிறதோ அதைத்தான் கடைசியில் பிரிப்போம். இதய நோயாளியான கணவரை வைத்துக்கொண்டு அந்தத் தலைவலியை ஏன் இழுத்துப் போட்டுக்கொண்டீர்கள், அதுவும் ஊரின் கிழக்குக் கோடியில் போய் ஏன் வீடு பார்த்தீர்கள் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். என் நாத்தனாரும் இதையேதான் கேட்டாள். நான் சொன்ன பதில் அவளுக்குப் போதவில்லை. அதனால்தான் தன் அண்ணன் இறந்த இரண்டாவது வாரமே ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் புகார் கொடுத்துவிட்டாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். அவள் நர்ஸ், கேள்வி கேட்டுக் கேட்டே பழகியவள்.

நான் எதையும் மறைக்கப் போவதில்லை. ஆனால் ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். நடுவில் நிறுத்திக் குறுக்குக் கேள்வி கேட்டால் எனக்குக் கோர்வை விட்டுப்போகும்.

ஆம்புலன்ஸ் சேவையின் திட்டப் பிரிவில் எனக்கு இருபத்தாறு வருடம். கடைசி ஆறு வருடம் பிரிவுத் தலைவி. நாங்கள் செய்யும் வேலை என்னவென்று பலருக்குத் தெரியாது. ஊர் வரைபடத்தில் ஒவ்வொரு வீடும் ஒரு புள்ளி. ஐந்து நிலையங்களுக்குத்தான் அனுமதி. அந்த ஐந்தையும் எங்கே வைத்தால், மிகத் தொலைவில் இருக்கும் வீட்டுக்கு வண்டி போய்ச் சேரும் நேரம் எவ்வளவுக்கு எவ்வளவு குறையும்? இவ்வளவுதான் கேள்வி. நடுவில் இருக்கிற வீட்டைப் பற்றி எங்களுக்குக் கவலை இல்லை, கடைசி வீட்டைப் பற்றித்தான் கவலை. கேட்கச் சுலபமாக இருக்கும். உட்கார்ந்து செய்து பார்த்தால் மண்டை காய்ந்துவிடும்.

என் முறை எளிமையானது. ஐந்து நிலையங்களை உத்தேசமாக வைப்பேன். ஒவ்வொரு வீட்டையும் அதற்குப் பக்கத்து நிலையத்தோடு சேர்ப்பேன். பிறகு ஒவ்வொரு நிலையத்தையும் அதன் வீடுகளுக்கு நடுவே நகர்த்துவேன். நகர்த்தியதும் சில வீடுகள் கட்சி மாறும். மறுபடி சேர்ப்பேன், மறுபடி நகர்த்துவேன். இனி நகர்த்தினால் நஷ்டம்தான் என்ற நிலை வந்ததும் நிறுத்துவேன். மேடுபள்ளமான தரையில் ஒரு கோலியை விட்டால் பக்கத்தில் இருக்கும் பள்ளத்துக்கு உருண்டு போய் நிற்குமே, அதே கதைதான். தான் நிற்கும் பள்ளம்தான் ஊரிலேயே ஆழமானதா என்பது கோலிக்குத் தெரியாது. வேறு இடத்திலிருந்து மறுபடியும் உருட்டிப் பார்க்கலாம். நான் நாற்பது தடவை உருட்டுவேன். அதற்கு மேல் எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் பொறுமை கிடையாது.

என் கணவர் கல்லூரியில் வடிவியல் பேராசிரியர். அவருக்கு உருட்டுவதே பிடிக்காது. அவர் முறையில் முழு வரைபடத்தையும் பெட்டி பெட்டியாக வெட்டுவார். ஒவ்வொரு பெட்டியையும் எடுத்து, 'இதற்குள் நிலையங்களை எங்கே வைத்தாலும் இத்தனை நிமிடத்துக்குக் கீழே போக முடியாது' என்று நிரூபிப்பார். கையில் ஏற்கெனவே இருக்கும் விடையைவிட அது மோசம் என்றால் பெட்டியைத் தூக்கிக் குப்பையில் போடுவார். இல்லையென்றால் இன்னும் சின்னதாக வெட்டுவார். கடைசிப் பெட்டியும் குப்பைக்குப் போனபின், கையில் இருக்கும் விடையை மிஞ்ச உலகத்தில் வேறு விடை கிடையாது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். வாரக்கணக்கில் கணினி ஓடும். மின்கட்டணம் வரும்போது நான்தான் வாய்விட்டுப் புலம்புவேன்.

இரண்டு பேரும் ஒரே கேள்வியைக் கட்டிக்கொண்டு அழுததால் எங்கள் கல்யாணம் பொருத்தமானது என்று எல்லோரும் சொன்னார்கள். குழந்தைகள் இல்லை. சாப்பாட்டு மேசையில் புள்ளிகளும் வட்டங்களும்தான் பேச்சு. விருந்தாளிகள் வந்தால் என்னைக் காட்டி, "என் மனைவி கோலி உருட்டுறதுல கெட்டிக்காரி. குழியில விழுந்ததும் கடலைக் கண்டுபிடிச்சுட்டேன்னு கையைத் தட்டுவா" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அவர் அதை அன்போடுதான் சொன்னார் என்பதை நான் மறுக்கவே இல்லை. எங்கள் அலுவலக ஆண்டு விழாவுக்கு வந்து அங்கேயும் சொன்னார். மறுநாளிலிருந்து நான் கோலி மேடம். ஓட்டுநர்களிலிருந்து மாடிப்படி பெருக்குகிறவர் வரை அதே பெயர்தான். பத்தொன்பது வருடம் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்தேன். பழகிவிட்டது.

நான்கு வருடத்துக்கு முன் ஐந்து நிலையங்களையும் புதிதாக அமைப்பதென்று முடிவானது. வேலை என்னிடம் வந்தது. நான் உருட்டினேன், நல்ல விடை கிடைத்தது. பதினான்கு நிமிடம். அதாவது என் ஐந்து இடங்களிலிருந்து ஊரின் எந்த வீட்டுக்கும் பதினான்கு நிமிடத்துக்குள் வண்டி போய்விடும். அப்படி ஓர் எண் என் வாழ்க்கையில் அதற்கு முன் அமைந்ததில்லை. இயக்குநர் வரைபடத்தைச் சுவரில் மாட்டினார். ஆனால் இதைவிடச் சிறந்த இடம் இல்லை என்பதற்கு என்ன அத்தாட்சி என்று மேலே கேட்டார்கள். அத்தாட்சி கொடுக்கக்கூடியவர் ஊரில் ஒருவர்தான். அவர் என் வீட்டில் என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அவர் வேலையை ஆரம்பிக்கவிருந்த வாரம் புதிய வீட்டுப் பட்டியல் வந்தது. ஆற்றுக்கு அப்பால், கிழக்குக் கோடியில், முந்நூற்றுச் சொச்சம் வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பு அதில் சேர்ந்திருந்தது. பழைய பட்டியலில் அது இல்லை. அன்று காலை என் ஐந்து இடங்களைப் புதிய பட்டியலோடு வைத்து ஓட்டிப் பார்த்தேன். கடைசி வீட்டுக்கு இருபத்திரண்டு நிமிடம் என்று வந்தது. திரையை மூடிவிட்டுப் போய்க் காபி குடித்தேன்.

அன்று மாலை அவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். இயக்குநர், நான்கு பொறியாளர்கள், எல்லோரும் சுற்றி நின்றார்கள். அவருக்குக் கொடுத்தது புதிய பட்டியல். ஆரம்பிக்க ஓர் எண் வேண்டும் என்றார். "கையில இருக்கிற நல்ல விடை எவ்வளவு?" என்று என்னைக் கேட்டார்.

"பதினாலு" என்றேன்.

பொய் இல்லை. பழைய பட்டியலுக்கு அது பதினான்குதான். அவர் நினைத்திருந்தால் என் ஐந்து இடங்களையும் புதிய பட்டியலில் வைத்து ஒரு நிமிடத்தில் சரிபார்த்திருக்கலாம். ஒரு பொறியாளர் அந்த இடங்களின் தாளை எடுத்தும் கொடுத்தார். என் கணவர் கையை அசைத்து, "என் பொண்டாட்டி எண்ணை நான் சரிபார்க்கணுமா என்ன?" என்றார். மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள். அது மரியாதையா, இல்லை என் எண் சரிபார்க்கும் அளவுக்கு ஒரு பொருட்டே இல்லை என்பதா, எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

ஒன்பது நாள் கணினி ஓடியது. பதினான்கைவிடக் கீழே போக முடியாது என்று ஒவ்வொரு பெட்டியாகக் குப்பைக்குப் போனது. ஒன்றுகூட மிஞ்சவில்லை. பதினான்கை மிஞ்ச எந்த அமைப்பாலும் முடியாது என்று அவர் எழுதிக்கொடுத்தார். அவர் நிரூபணத்தில் ஓர் எழுத்துகூடத் தவறில்லை, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவரிடம் நான் இருபத்திரண்டு என்று சொல்லியிருந்தால் அவர் பதினைந்தில் ஓர் அமைப்பைக் கண்டுபிடித்திருப்பார். பதினைந்துதான் இந்த ஊருக்கு உண்மையான விடை. ஆனால் பதினைந்து இருந்த பெட்டியையும் கையில் பதினான்கு இருக்கிறது என்ற தைரியத்தில் அவர் கையாலேயே தூக்கிப் போட்டார்.

எனக்குப் பாராட்டுப் பத்திரம் கிடைத்தது. வேறு இரண்டு ஊர்க்காரர்கள் வந்து குறிப்பெடுத்துக்கொண்டு போனார்கள். கோலி மேடம் என்று கூப்பிடுவது கொஞ்சம் குறைந்தது.

அதற்குப் பிறகு மாத அறிக்கையை வடிவமைத்ததும் நான்தான். சராசரி நேரத்தை முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டேன். அதிகபட்ச நேரத்துக்குத் தனிக் கட்டம் வேண்டாம் என்று முடிவு செய்தேன், படிப்பவர்களுக்குக் குழப்பம் வரும். சராசரி ஏழரை நிமிடம். அதைப் பார்த்து யார் குறை சொல்வார்கள்?

கிழக்குக் குடியிருப்பில் வண்டி வருவதற்குள் இறந்தவர்கள் மூன்று வருடத்தில் ஏழு பேர். ஒரு லாரி மெக்கானிக். ஓய்வு பெற்ற ஒரு டீச்சர். தேனீ கொட்டி மூச்சு அடைத்த ஒரு தபால்காரர். பிரசவத்தில் ரத்தம் போய் ஒரு பெண். வயிற்றில் இருந்த குழந்தையையும் சேர்த்தால் எட்டு. சேர்க்க வேண்டுமா என்பது எங்கள் படிவத்தில் தெளிவாக இல்லை. பதினைந்துக்கும் இருபத்திரண்டுக்கும் நடுவே இருக்கும் அந்த ஏழு நிமிடத்தால்தான் ஏழு பேரும் இறந்தார்கள் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. அவர்களில் இரண்டு பேர் எப்படியும் போயிருப்பார்கள் என்று டாக்டரே எழுதியிருக்கிறார்.

போன வருடக் கடைசியில் என் கணவருக்கு முதல் மாரடைப்பு வந்தது. அப்போது நாங்கள் பழைய வீட்டில் இருந்தோம், மூன்றாம் நிலையத்திலிருந்து நான்கு நிமிடத் தூரம். வண்டி நான்கு நிமிடத்தில் வந்தது, பிழைத்துக்கொண்டார். மாடிப்படி ஏறக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, இன்னொன்று வந்தால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லி அனுப்பினார்.

வேலைக்குப் போகாமல் வீட்டில் அடைந்து கிடப்பது அவருக்கு ஆகாது. பழைய கணக்குகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்த ஐந்து நிலையக் கணக்கைக் கையில் எந்த எண்ணும் இல்லாமல், வெறும் கையோடு, பொழுதுபோக்குக்காக மறுபடி ஓட விட்டிருக்கிறார். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு தாளோடு சமையலறைக்கு வந்து நின்றார்.

"இந்த ஊருக்கு மிகச் சிறந்த விடையே பதினஞ்சுன்னு வருது" என்றார். "அப்போ பதினாலு உன் கையில எப்படி இருந்துச்சு?"

நான் வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே இருந்தேன். அவருக்குப் பதில் தேவைப்படவில்லை. இருக்கவே முடியாத ஒன்றை ஒருத்தி கையில் வைத்திருந்தாள் என்றால் அவள் என்ன செய்தாள் என்று கண்டுபிடிக்க வடிவியல் பேராசிரியர் வேண்டுமா? நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது. நான் தண்ணீர் கொடுத்தேன், குடித்தார்.

என் ஐந்து இடங்களையும் இந்தத் தடவை அவரே ஓட்டிப் பார்த்திருந்தார். "உனக்கு வந்தது இருபத்திரண்டா?" என்று கேட்டார். தலையாட்டினேன்.

அவர் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் கத்தவில்லை. என்னைத் திட்டக்கூட இல்லை. இரண்டு நாள் இறந்தவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள், "நாம ரெண்டு பேரும் போய்ச் சொல்லிடலாம்மா. என் கையெழுத்தும் அதுல இருக்கு. தப்பு என்னோடதும்தான், நான் சரிபார்த்திருக்கணும்" என்றார். தன் பங்கு என்று ஒன்றைத் தானாகவே தூக்கி வைத்துக்கொண்டார். அதிலும் அவர்தான் பெரிய மனிதர். எனக்கு ஓய்வு பெற ஒன்றரை வருடம் இருந்தது.

உங்கள் உடம்பு தேறட்டும், மூன்று மாதம் போகட்டும், சேர்ந்தே போகலாம் என்றேன். ஒத்துக்கொண்டார். புதிய அமைப்புக்கான கடிதத்தை எழுத ஆரம்பித்தார். நான் வீடு பார்க்க ஆரம்பித்தேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். என் ஐந்து நிலையங்களிலிருந்தும் இந்த ஊரில் மிகத் தொலைவான புள்ளி எது என்று உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஆற்றுக்கு அப்பால், கிழக்குக் குடியிருப்பின் கடைசித் தெருவில், நான்காம் எண் வீடு. காலியாக இருந்தது. நான் போய்ப் பேசி முடித்தேன். நாத்தனார் பெட்டி அடுக்க வந்தாள். "என்ன அண்ணி, இதய நோயாளிக்கு ஆஸ்பத்திரி பக்கத்துல வீடு பார்ப்பாங்க. நீங்க ஊரைத் தாண்டிப் போறீங்களே?" என்றாள். அமைதியான இடம், தூசு இல்லை, டாக்டரும் அமைதி வேண்டும் என்றார் என்று சொன்னேன். அவள் டேப்பை இழுத்து ஒட்டினாள். அவள் டேப் ஒட்டும் விதத்திலேயே எனக்குத் தெரிந்தது, இவள் விடமாட்டாள்.

அவருக்கு நான் வீட்டு எண்ணைச் சொல்லவில்லை. வண்டியிலிருந்து இறங்கி, தெருவின் இரு பக்கமும் பார்த்து, கதவில் இருந்த எண்ணைப் பார்த்தார்.  நான் சாவியைத் தேடுவது போல் பையைத் துழாவினேன், இதையும் மறைக்கப் போவதில்லை.

"இது அந்த வீடுதானே?" என்றார்.

"ஆமா."

என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கி நான் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன், அதில் இது ஒன்று. "யாரைக் காக்க வெச்சோமோ அவங்க பக்கத்துலயே வந்து நாமளும் இருக்கணும்னு உனக்குத் தோணியிருக்கு பாரு" என்றார். "நீ இப்படி யோசிப்பேன்னு நான் நினைக்கவே இல்லம்மா. உன்னை நான் சரியாப் புரிஞ்சுக்கல." சாவியை என்னிடமிருந்து வாங்கி அவரே கதவைத் திறந்தார்.

ஆகவே அவர் எல்லாம் தெரிந்துதான் அந்த வீட்டுக்கு வந்தார். நான் அவரை ஏமாற்றிக் கூட்டிப்போனேன் என்று புகாரில் எழுதியிருப்பது தவறு. அந்த வரியை நீங்கள் அடித்துவிட வேண்டும்.

ஏழு வாரம் அங்கே இருந்தோம். மனிதர் சந்தோஷமாக இருந்தார், என்ன சொல்வது. பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போய் உட்கார்ந்து பேசினார். மெக்கானிக்கின் மனைவியை அண்ணி என்று கூப்பிட ஆரம்பித்தார். எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தார், இருபத்தெட்டு வருடத்தில் முதல் முறையாக. நான் செய்ததை ஒரு தடவைகூடக் குத்திக்காட்டவில்லை. கோலி பேச்சையே எடுக்கவில்லை. அப்படி ஒருவர் மன்னித்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா? சாப்பாடு இறங்காது. அவருடைய மேசையும் புத்தகங்களும் மாடி அறையில் இருந்தன. சாமான் இறக்கியவர்களிடம் மாடியில் வைக்கச் சொன்னது நான்தான், கீழே இடம் போதவில்லை. ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை ஏறி இறங்குவார்.

கடிதம் முடிந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு இயக்குநரைப் பார்க்க நேரம் வாங்கிவிட்டதாகச் சொன்னார். இரண்டு பேர் பெயரிலும் வாங்கியிருந்தார். அதற்கு முந்தைய வியாழக்கிழமை காலையில்தான் வலி வந்தது.

நான் உங்களிடம் முதலில் கொடுத்த வாக்குமூலம் இது: பத்து முப்பத்தொன்றுக்கு வலி வந்தது, உடனே ஆம்புலன்ஸுக்குப் பேசினேன், இருபத்திரண்டு நிமிடத்துக்குப் பிறகு, பத்து ஐம்பத்து மூன்றுக்கு வண்டி வந்தது, அதற்குள் உயிர் போய்விட்டது. தூரம் கொன்றுவிட்டது. கட்டுப்பாட்டு அறைப் பதிவும் அதையேதான் சொல்லும்.

ஆனால் நீங்கள் மேசையில் கவிழ்த்து வைத்திருக்கும் தாள் என்னவென்று எனக்குத் தெரியும். அரை மணி நேரமாக அதன் மேல்தான் தண்ணீர் டம்ளரை வைத்து வைத்து எடுக்கிறீர்கள். வண்டிகள் எந்த நிமிடத்தில் எங்கே நின்றன, அதை யார் தன் கைபேசியில் எப்போது பார்த்தார்கள் என்ற தாள் அது. அந்தப் படிவத்தையும் நான்தான் வடிவமைத்தேன். அதைத் திருப்ப வேண்டாம், நானே சொல்கிறேன்.

வலி வந்தது பத்து பன்னிரண்டுக்கு. மாடியிலிருந்து ஒரு கோப்போடு இறங்கி வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, மார்பைப் பிடித்துக்கொண்டார். வியர்த்துக் கொட்டியது. நான் கைபேசியை எடுத்தேன். கூப்பிடத்தான் எடுத்தேன். அப்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன், மூன்று வீடு தள்ளி எங்கள் வண்டி ஒன்று நின்றுகொண்டிருந்தது. அந்த வீட்டுக் குழந்தை படியில் தடுக்கி விழுந்ததற்காக வந்திருக்கிறார்கள், சின்னக் காயம், கட்டுப் போட்டாயிற்று. ஓட்டுநர் வெளியே நின்று முகம் கழுவிக்கொண்டிருந்தார். பெயர் சொல்லிக் கூப்பிடும் தூரம்.

நான் கணக்குப் போட்டதெல்லாம் இருபத்திரண்டு நிமிடத்துக்கு. அந்த வண்டி அங்கே நிற்கும் என்று எந்தக் கணக்கிலும் இல்லை. திட்டப் பிரிவில் எங்கள் எல்லோருடைய கைபேசியிலும் ஒரு செயலி உண்டு. சும்மா இருக்கும் வண்டி பச்சைப் புள்ளி, வேலையில் இருக்கும் வண்டி சிவப்புப் புள்ளி. திறந்தேன். பழக்கம்தான். எங்கள் தெருவில் ஒரு பச்சைப் புள்ளி இருந்தது.

"கூப்பிட்டியா?" என்று கேட்டார்.

"கூப்பிட்டாச்சு" என்றேன்.

"ஏதோ வண்டி சத்தம் கேக்குதே."

"அது பக்கத்து வீட்டுக்கு. நீங்க பேசாதீங்க."

"எவ்வளவு நேரமாகும்?"

"இருபத்திரண்டு நிமிஷம்."

அந்த வலியிலும் லேசாகச் சிரித்தார். "நம்ம கணக்குதான்" என்றார். எதிர்ச் சுவரில் கடிகாரம் இருந்தது, மணியைப் பார்த்துக்கொண்டார். நான் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டேன், சட்டைப் பொத்தானைத் தளர்த்தினேன். இன்னொரு கையில் கைபேசி. பச்சைப் புள்ளி தெருவை விட்டுப் போனது. இப்போது கூப்பிட்டால் திருப்பிவிடுவார்கள். குடியிருப்பைத் தாண்டியது. இப்போதும் திருப்பிவிடுவார்கள். பாலத்தை ஏறியது. பத்து முப்பதுக்குப் பாலத்துக்கு அப்பால் யாரோ அழைத்து, புள்ளி சிவப்பானது. பத்து முப்பத்தொன்றுக்கு நான் ஆம்புலன்ஸுக்குப் பேசினேன். அவர் காதில் விழாமல் இருக்க சமையலறைக்குப் போய்ப் பேசினேன். முகவரியைத் தெளிவாக, நிதானமாகச் சொன்னேன். கட்டுப்பாட்டு அறைப் பெண்கூட, இவ்வளவு தெளிவாக யாரும் சொல்வதில்லை மேடம் என்றாள். அது பதிவில் இருக்கும்.

பத்தொன்பது நிமிடம் நான் காத்திருந்தேன். ஏழு வாரமாக அதற்காகத்தான் அந்த வீட்டில் இருந்தேன். அவர் இறக்க வேண்டும் என்றுதான் வீட்டைப் பார்த்தேன். இதை எழுதிக்கொள்ளலாம், கையெழுத்துப் போடுகிறேன்.

திரும்பி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். உதடு நீலம் பாரித்திருந்தது. பேச்சு இல்லை. ஆனால் கண் கடிகாரத்தின் மேல்தான் இருந்தது. கணக்கு ஆசாமி அல்லவா, பத்து முப்பத்து நான்கு ஆனதும், சரியாக இருபத்திரண்டாவது நிமிடம், வாசலைப் பார்த்தார். வாசலில் யாரும் இல்லை. மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரு நிமிடம் இருக்கும், கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்படியே போய்விட்டார்.

அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று நாத்தனார் இருந்திருந்தால் ஏதாவது கதை கட்டியிருப்பாள். அருகில் இருந்தவள் நான். போக்குவரத்தில் வண்டி எங்காவது மாட்டிக்கொண்டிருக்கும் என்றுதான் அவர் நினைத்திருப்பார். வேறு எதை வேண்டுமானாலும் சந்தேகப்பட்டிருக்கலாம், நான் சொன்ன எண்ணை மட்டும் அவர் கடைசிவரை சந்தேகப்படவே இல்லை.